பச்சையைப் பிடுங்குகிறவர்கள்

தீ போன பதினோராம் நாள்
தபால் வண்டியை எடுத்தேன்.
பையில் மின்சார பில்கள்,
பல் மருத்துவரின் நினைவூட்டல் ஒன்று,
சுல்மிராவுக்கு ஒரு கம்பளி விளம்பரம்.
ஏழாம் எண் வீடு இருந்தது.
ஒன்பது இருந்தது.
எட்டு இருந்த இடத்தில்
ஓர் இரும்பு அடுப்பு, அதன்மேல் ஒரு கெண்டி,
காப்பிக்கு யாரோ இதோ வருகிறார் என்பதுபோல.
இதாலினாவின் பில்லை எங்கே போடுவது?
எங்கள் விதிப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.
கெண்டிக்கு அடியில் செருகிவிட்டு
வண்டியில் ஏறிக் கொஞ்ச நேரம்
சாவியைத் திருகாமல் இருந்தேன்.

எரிந்த குச்சிகளைத்
திரும்பப் பெட்டிக்குள்ளேயே போடும் பழக்கம்
எங்கள் ஊரில் உண்டு.
மலை அப்படி இருந்தது.

அக்டோபர் மழை சாம்பலைக் கரைத்துக்
குழாய் வரைக்கும் கொண்டுவந்தது.
தெற்கிலிருந்து லாரி லாரியாக வைக்கோல்.
மண் ஓடிவிடாமல் சரிவெங்கும் விரித்தோம்.
அனுப்பியவர் யார் என்று ஓட்டுநரைக் கேட்டேன்,
தொழில் புத்தி.
முகவரி தரவில்லை அவர்,
சூப் மட்டும் இரண்டு கிண்ணம் குடித்தார்.

மார்ச்சில் பச்சை வந்தது.
ஒரு கரியும் தெரியாமல் மலை முழுக்கப் பச்சை.
தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள்.
வெள்ளைச் செருப்புப் போட்ட பெண்
கேமரா பார்த்துச் சொன்னாள்:
போர்ச்சுகலின் இதயம் மீண்டும் துளிர்க்கிறது.
நாங்கள் பேசாமல் நின்றோம்.

வட்ட இலை, நீலம் பூத்த இலை.
கசக்கினால் தலைவலித் தைலம்.
அன்று தன் பட்டையைக் கிழித்துக் கிழித்து
நெருப்பாக்கி
ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு
வீசியதே, அதே யூகலிப்டஸ்.
சூட்டில் வெடித்த காய்களிலிருந்து
கடுகுபோல் கொட்டி முளைத்திருக்கிறது.
கால் வைக்க இடமில்லை.

பெல்மிருவின் கடைப் பலகையில்
பந்தய முடிவுகளை அழித்துவிட்டு
கிராசியேத் எழுதினாள்:
ஞாயிறு எட்டு மணி. கையுறை கொண்டுவரவும்.
பள்ளிக்கூடத்துச் சமையல்காரி.
அவள் அண்ணன் கார் நின்ற வளைவை
இன்றுவரை அவள் நடந்தே கடக்கிறாள்.

பிடுங்கினோம்.
இளசாக இருக்கையில் வேரோடு வரும்,
ஒரு வருடம் விட்டால் வராது.
முதல் ஞாயிறு பதினேழு பேர்,
அடுத்த ஞாயிறு ஒன்பது,
மழை ஞாயிறு நானும் கிராசியேத்தும்
யாருடையதோ ஒரு நாயும்.

அதெரிட்டோ வேலியோரம் கைகட்டி நின்றார்.
"என் மகளைப் படிக்கவைத்தது இந்த மரம்.
பத்து வருடத்தில் காகித ஆலை காசு தரும்.
நீங்கள் நடும் ஓக்
நாற்பது வருடம் கழித்து நிழல் தரும்.
அதுவரை நிழலையா தின்பது?"
யாரிடமும் பதில் இல்லை.
என் பையில் இருந்த கடிதங்கள் எல்லாம்
அவர் மரங்கள்தான் என்பது
அப்போதுதான் உறைத்தது.

ஆறாம் ஞாயிறு அவரும் வந்தார்.
இதாலினாவின் நிலத்தில் குனிந்து பிடுங்கினார்.
தன் நிலத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.
மதியம் ரொட்டியை எல்லோருக்கும் சமமாக வெட்டினார்.

இதாலினாவுக்கு அரசு கொடுத்த தகரக் கொள்கலன் வீட்டில்
திரைச்சீலை வருவதற்கு முன்
கதவில் எட்டு வந்துவிட்டது, சிவப்புப் பெயின்ட்டில்.
"பில்லைக் கெண்டிக்கு அடியில் வைத்தது நீதானே?
அபராதத்தோடு கட்டினேன்" என்றாள்.
திட்டுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.
அவள் பின்கட்டில்
பாட்டிலுக்குத் தக்கை தரும் ஓக் ஒன்று,
கரிந்த பட்டையோடு நின்றது.
மே மாதம், கிளையைக் கேட்காமல்
நேரே அடிமரத்தைக் கீறிக்கொண்டு
ஒரு கைப்பிடி இலை.
அதைப் படம் எடுக்க யாரும் வரவில்லை.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு
தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதிப் பார்ப்பார்கள்.
சோதனைதான், எல்லோருக்கும் தெரியும்.
ஆனாலும் சரிவு முழுக்க
எல்லா முதுகும் நிமிர்ந்து நிற்கும்,
கையில் வேரும் மண்ணுமாக,
மேற்கே பார்த்தபடி.
சங்கு ஓயும்.
யாராவது ஒருவர் இருமுவார்.
மறுபடி குனிவோம்.